ஏழாவது அடி விழுவதற்கு முன்

கிழக்கு கிட்வாய் நகர்,
புது தில்லி – 23.
18 டிசம்பர் 2025

சிரஞ்சீவி அக்ஷய்க்கு ஆசீர்வாதம்.

வெகு காலம் பேசாமல் இருந்துவிட்டேன். உன் நல்லதுக்காகத்தான் பேசவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பயந்துகொண்டிருந்தேன். இன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்வது உன்னிடம் தங்குவதில்லை. காகிதம் கிடக்கும். மறந்துபோனால் எடுத்துத் திரும்பப் படிக்கலாம். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும், தெரியாத ஒருவனுக்குச் சொல்வதுபோல எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அவசரம் இல்லை. நாலு நாளில் படித்து முடித்தால் போதும்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. இந்த வாரமும் காற்று மூச்சுவிட லாயக்கில்லை. பதினோராவது மாடியிலிருந்து பார்த்தால் எதிர் டவர் தெரியவில்லை. நீ தவழ்ந்த பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு எங்களைத் தூக்கி இவ்வளவு உயரத்தில் வைத்தார்கள், புகையைப் பார்ப்பதற்கு. எதிர் ஃபிளாட் பூவராகவன் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் விசாரிக்கிறார். "பையன் இப்ப எந்த டீம் சார்? போன தடவை வேற பேர் சொன்னீங்களே" என்கிறார். நீ ஐஸ் ஹாக்கி ஆடி சம்பாதிக்கிறாய் என்று முதன்முதலில் நான் பெருமையாகச் சொன்னபோது, "ஐஸ் மேலயா? நமக்கு ஐஸுன்னா இந்தியா கேட்ல விக்கிற சுஸ்கி, குச்சி ஐஸ்தான் சார், காலா கட்டா வேணுமா ஆரஞ்சு வேணுமான்னு கேப்பான்" என்று சொல்லி மதர் டெய்ரி பால் பூத் வரிசை முழுவதையும் சிரிக்க வைத்த மனிதர். பன்னிரண்டு வருடமாகிறது. நான் அதை மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை என்பதுதான் என் வியாதி. நமக்குள் அதைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சரி, உன் கதையை உனக்கே சொல்கிறேன். உனக்கு முப்பத்தொரு வயது. உன் பத்தாவது வயதில் எனக்கு ஸ்லோவாக்கியாவில் தூதரக அஸிஸ்டன்ட் வேலை. நாலு வருடம் இருந்தோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஐஸ்மேல் ஓடினார்கள், நீயும் ஓடினாய். நாங்கள் தில்லி திரும்பியபோது உனக்குப் பதினாலு. நீ திரும்பவில்லை. அங்கேயே ஒரு விளையாட்டுப் பள்ளியின் விடுதியில் தங்கிவிட்டாய். பத்தொன்பது வயதிலிருந்து இதுதான் உன் தொழில். ஐந்து நாடு, ஒன்பது அணி.

நீ கோல் போடுகிறவன் இல்லை. கோல் போடுகிறவனை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறவன். எதிராளி பாய்ந்து வந்தால் குறுக்கே போய் வாங்கிக்கொள்கிறவன். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு பறந்து வந்தால் உடம்பைக் கொடுத்து நிறுத்துகிறவன். இப்படி ஓர் ஆள் எல்லா அணிக்கும் வேண்டும், எந்த அணிக்கும் அதே ஆள் வேண்டுமென்பதில்லை. செப்டம்பரில் எடுப்பார்கள், மார்ச்சில் விடுவார்கள். ஹங்கேரியில் எல்லோரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு, உன் பையை மட்டும் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பிரான்சில் உன் சட்டை முதுகில் பெயரைத் தைக்காமல் ஒட்டிக்கொடுத்தார்கள், அடுத்தவனுக்குக் கிழித்துவிட்டுக் கொடுக்க வசதியாக. நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் அம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். உன் ஏஜென்ட் ஒவ்வொரு வருடமும், இது ஒரு படிதான், அடுத்தது பெரிய லீக் என்று உன்னிடம் சொன்னான். அவன் ஏற்றிவிட்ட படிகள் எல்லாம் கீழேதான் போயின. குர்காவ் மாலில் இருக்கும் ஐஸ் ரிங்க்கில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டார்கள் என்று மூன்று வருடத்துக்கு முன் எழுதினேன். பிறந்தநாள் பார்ட்டிக்கு வரும் குழந்தைகளைக் கைபிடித்து நடத்துவதற்கா இத்தனை வருடம் ஆடினேன் என்று கேட்டாய். அதையும் நான் மறக்கவில்லை.

அடிகளைச் சொல்கிறேன். தலையில் விழுந்தவை மட்டும். பிற எலும்புகளை விட்டுவிடுவோம். எனக்குத் தெரிந்து ஆறு. முதலாவதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது 2014, போலந்து. மூன்றாவது 2017, ஹங்கேரி. நாலாவது 2019, பிரான்ஸ். அதை உன் அம்மா லேப்டாப்பில் நேரலையில் பார்த்தாள். அவள் ஆட்டத்தையே பார்க்கமாட்டாள், நீ எப்போது பெஞ்சுக்குத் திரும்பி உட்காருகிறாய் என்று மட்டும்தான் பார்ப்பாள். உட்கார்ந்ததும் ஒரு வாய் காபி குடிப்பாள். அன்று நீ நாலு நிமிடம் எழவில்லை. டம்ளர் ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. ஐந்தாவது 2022, ஸ்காட்லாந்து. ஆறாவது இந்த வருடம் ஜனவரியில், மறுபடி போலந்து. அதற்கப்புறம் உன்னை விட்டுவிட்டார்கள். இப்போது கிராக்கோவில் ஒரு நண்பன் வீட்டு சோபாவில் தூங்குகிறாய்.

ஜூன் மாதம் ஆறு நாள் இங்கே வந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாய். பத்து நிமிட நடை. ஒன்றேகால் மணி நேரம் கழித்து நம் கேட் செக்யூரிட்டி உன்னை அழைத்துக்கொண்டு வந்து, "பையா டவர் நம்பர் பூல் கயே, சாப்" என்றான். நீ டவர் நம்பரை மறக்கவில்லை, டவர் கட்டியிருப்பதையே மறந்திருந்தாய். பழைய குவார்ட்டர்ஸின் வாசலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாய். வெயில் என்று சொன்னாய். பூவராகவன் ஜெட்லாக் என்றார். நானும் ஜெட்லாக் என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. டியூப்லைட்டைப் போடாதே என்று கெஞ்சினாய். அதற்கு என்ன பெயர் வைத்துக்கொண்டேன் என்று இப்போது நினைவில்லை.

நவம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தாய். ருமேனியாவில் ஒரு மலை நகரத்து அணி கூப்பிட்டிருக்கிறது, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை என்றாய். சந்தோஷமாக இருந்தாய். பேசி முடிக்கும்போது, "அம்மா எங்க, மலை மந்திர் போயிருக்காளா? வந்ததும் சொல்லிடு" என்றாய்.

போயிருக்கிறாள் என்று சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அக்ஷய், இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள். உன் அம்மா வைதேஹி இறந்துவிட்டாள். 2023 ஏப்ரல் பதினொன்றாம் தேதி, காலை பத்தரை மணிக்கு, மாரடைப்பு. நீ வருவதற்காக இரண்டு நாள் வைத்திருந்தோம். வந்தாய். லோதி ரோடு மயானத்தில் நீதான் கொள்ளி வைத்தாய். வாத்தியார் சொன்ன மந்திரம் வாயில் வராமல், மன்னித்துக்கொள் அம்மா என்று மட்டும் தமிழில் சொன்னாய். வாத்தியார் அதுவே போதும் என்றார். உன் இடது கை மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி இருந்தது, அதில் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ வந்து சேரவில்லையோ, செய்யவில்லையோ என்று எப்போதும் நினைத்துவிடாதே. எல்லாம் நீ சரியாகச் செய்தாய்.

ஒரே சாவை ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை சொல்லும் தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்றாவது தடவை போனில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். அம்மா எங்கே என்று தோன்றும்போதெல்லாம் இதை எடுத்துப் பார்.

நவம்பரில் நீ போன் செய்த மறுநாள் டாக்டர் இளஞ்செழியனைப் போய்ப் பார்த்தேன். நரம்பியல் டாக்டர், நம் காலனியிலேயே முன்பு இருந்தவர். எல்லாத் தேதியையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் படித்தார். பையனை நேரில் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்லமுடியாது, உடனே வரவழையுங்கள் என்றார். இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "எனக்கும் தெரியாதுங்க. ஆனா அதைத் தெரிஞ்சுக்கறதுக்கு உங்க பையன் மண்டைய வச்சுப் பாக்க வேணாம்" என்றார். ஏற்கெனவே போனது திரும்புமா என்றும் கேட்டேன். அதற்கு அவர் என்னை லிஃப்ட் வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார்.

உன்னிடம் நான்கு தடவை சொல்லப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நீ ருமேனியாவைப் பற்றிப் பேசினாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நீ ருமேனியா அணியின் இன்ஷூரன்ஸ் படிவத்தை அனுப்பினாய். ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடக்கும் உன் ரெக்கார்டுகளைத் தேடுவதற்குப் பதிலாக, ஆட்டக்காரனும் அவன் குடும்பத்தில் ஒருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். எட்டாவது கேள்வி: தலையில் அடிபட்டு நினைவு தப்பியதோ, வாந்தியோ, மறதியோ எப்போதாவது உண்டா? நீ உன் பங்குக்கு இல்லை என்று போட்டிருந்தாய். கூடவே குரலில் ஒரு செய்தி. "அப்பா, எட்டாவதுக்கு நோ போட்டுடு. ஜல்தி அனுப்பு, அஞ்சாம் தேதி மெடிக்கல்." அரை மணி கழித்து அதே செய்தி மறுபடி வந்தது, முதல் தடவை சொல்வதுபோல. சாயங்காலம் மூன்றாவது தடவை. அதில் மட்டும் கடைசியில் ஒன்று சேர்த்திருந்தாய்: "அப்ப நீ போட்டியே, அந்த மாதிரி."

அம்மா போனது உனக்கு நினைவில்லை. அது நினைவிருக்கிறது.

இப்போது முதல் அடியைச் சொல்கிறேன். 2008 பிப்ரவரி, உனக்குப் பதினாலு. பயிற்சியில் பின்பக்கமாக விழுந்தாய். ஹெல்மெட் இருந்தும் அரை நிமிடம் கண் திறக்கவில்லை. அந்த ஊர் டாக்டர் மூன்று வாரம் ஐஸ் பக்கம் போகக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார். விடுதிப் பள்ளிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் பத்தாவது நாள். தவறவிட்டால் நீ எங்களோடு தில்லிக்கு வந்து மற்றப் பிள்ளைகள்போல பத்தாம் வகுப்பு எழுதியிருப்பாய்.

எனக்கு அங்கே மேலதிகாரி ராமமூர்த்தி. தில்லியில் மந்திர் மார்க் தெருப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். எம்.ஏ.யில் நான் அவனைவிட மார்க் அதிகம். சிவில் சர்வீஸ் பரீட்சையில் அவன் முதல் தடவையே தேறினான். நான் மூன்று தடவை இன்டர்வியூ வரை போய்த் திரும்பினேன். பிற்பாடு அவன் ஃபைலில் எழுதுவதை டைப் செய்ய நான் அவன் அறைக்குப் போனேன். தனியாக இருக்கும்போதும் என்னை மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவான். அவனுக்கு ஒரு பையன் இருந்தான், உன் வயது, ஐஸ்மேல் நிற்கவே வராது. அம்பாசடரிடம் உன்னைப் பற்றி யாரோ சொல்லி, அந்த ஆட்டத்தைப் பார்க்க அவரே வருவதாக இருந்தது. ராமமூர்த்தியும் கூட வருவான். அவனுக்கு முன்னால் நீ ஆடவேண்டும் என்று எனக்கு இருந்தது. என் வாழ்க்கையில் வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

பெற்றோர் கையெழுத்திடும் படிவம் ஒன்று தந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காயம் எதுவும் இல்லை என்று உறுதி சொல்லவேண்டும். அன்று காலையில்கூட நீ வாந்தி எடுத்திருந்தாய். உன் அம்மா படிவத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, "குழந்தை விஷயத்துல பொய் எழுதாதீங்கோ" என்றாள். ஃபாரம் என்றால் அப்படித்தான், எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள், பால் ஒத்துக்கொள்ளவில்லை அவ்வளவுதான் என்றேன். இருபது வருடம் சர்க்கார் காகிதத்தில் ஊறியவனுக்குக் கட்டத்துக்குள் எழுதுவது நிஜமாகத் தெரிவதில்லை. கட்டம் நிரம்பவேண்டும், ஃபைல் நகரவேண்டும். கையெழுத்துப் போட்டேன். நீ ஆடினாய். உன்னை எடுத்துக்கொண்டார்கள். ராமமூர்த்தி எல்லார் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, பள்ளிக்கூட நாளில் கூப்பிட்ட பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். என் வாழ்க்கையின் மிக நல்ல நாள் அது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது உண்மை.

டாக்டர் இளஞ்செழியனிடம் அந்தப் பத்து நாளைச் சொன்னேனா என்று கேட்டால், சொன்னேன். ஆறாத மூளையோடு மறுபடி ஆடினால் அடுத்தடுத்த அடிகள் லேசாகப் பட்டாலே பெரிதாகும் என்றார். யார் அனுமதித்தது என்று கேட்டார். பள்ளிக்கூடம் என்றேன். அங்கேயும் பொய் சொன்னேன், அக்ஷய். பதினேழு வருடமாக ராமமூர்த்தியையும், உன் ஏஜென்டையும், லிஃப்டில் சிரிக்கும் பூவராகவனையும் வைதுகொண்டிருந்ததெல்லாம் இந்த ஒரு படிவத்தைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான்.

உன் அம்மா அதற்குப்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கும் அது தெரியும்.

நேற்று அந்த இன்ஷூரன்ஸ் படிவத்தை நிரப்பினேன். எட்டாவது கேள்விக்கு ஆம் என்று எழுதி, இடம் போதாமல் தனித்தாள் வைத்து, ஆறு அடியையும் தேதியோடு எழுதினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டை எழுதினேன். நவம்பர் பதினாலை எழுதினேன். 2008-இல் பெற்றோர் தந்த உறுதிமொழி பொய் என்றும், தந்தது நான் என்றும் எழுதினேன். கீழே முழுப்பெயர், பதவி, வீட்டு விலாசம் எல்லாம் போட்டு, உன் வழியாக அனுப்பாமல், அந்த அணியின் டாக்டருக்கு நேரே அனுப்பிவிட்டேன். ஐந்தாம் தேதி நீ அங்கே போனாலும் அவர் கையில் அது இருக்கும். உன்னை ஆடவிடமாட்டார்கள். ருமேனியாவில் மட்டும் இல்லை, இந்த மாதிரிச் செய்திகள் அணியிலிருந்து அணிக்குப் போய்விடும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். உன் தொழிலை நான் முடித்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் மறுபடி பேசாமல் இருந்திருப்பேன்.

இதனால் நீ குணமாவாய் என்று நான் நம்பவில்லை. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவும் இல்லை. காலம் கடந்துதான் செய்திருக்கிறேன். ஏழாவது அடி விழாமல் இருக்கும், அவ்வளவுதான். மீதி இருப்பதாவது இருக்கட்டும்.

கிராக்கோவிலிருந்து தில்லிக்கு டிக்கெட் எடுத்து உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், ஜனவரி எட்டாம் தேதி. கூட வந்து விமானம் ஏற்றிவிடும்படி உன் நண்பனிடமும் சொல்லியிருக்கிறேன். டியூப்லைட்டை எல்லா அறையிலும் கழற்றிவிட்டேன். வரப் பிடிக்கவில்லை என்றால் என்னை வைது ஒரு வரி அனுப்பு. அதுவும் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். ஆனால் அந்த நண்பன் வீட்டைவிட்டுத் தனியாக எங்கேயும் போகாதே. உன் கால்களைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். நீ எங்கே இருந்தாலும், யாரை மறந்தாலும், வலியில்லாமல் தூங்கி எழவேண்டும். இந்த வயதில் எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் இதுதான்.

நான் இப்போது இருப்பது விஜிலன்ஸ் பிரிவில். தினமும் புகார்க் கடிதங்கள் வரும். கையெழுத்தில்லாத கடிதத்தின்மேல் யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை, ஃபைலில் வைத்து மூடிவிடலாம் என்பது விதி. கையெழுத்து இருந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதனால்தான் டாக்டருக்குப் போனதில் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். அவர் செய்தே ஆகவேண்டும். உனக்கு அந்தக் கட்டாயம் எதுவும் வேண்டாம். அடியில் அப்பா என்று எழுதினால் நீ ஏதாவது ஒரு பதில் தரவேண்டியவன் ஆகிறாய். மன்னிக்கவோ, மன்னிக்காமல் இருக்கவோ வேண்டியவன் ஆகிறாய். உன்னிடம் இனி எதையும் கேட்கும் யோக்கியதை அந்த 2008 படிவத்தோடு எனக்குப் போய்விட்டது. போஸ்ட் ஆபீஸ் நாலு மணிக்கு மூடிவிடும். பேனாவை மூடிவிட்டேன், இப்போது பென்சிலில் எழுதுகிறேன், அதில் போடும் கையெழுத்துச் செல்லாது. கையெழுத்துப் போடாமல் இப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.